சோளகத்தை எதிர்த்து ஏ9 வீதியில்

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர். வீதியில் பெரிய ஏற்றம் எதுவும் இல்லையென்றாலும், ஆவணி மாதத்தில் தெற்கு நோக்கிச் சைக்கிள் மிதிப்பவருக்குச் சோளகம் என்ற தென்மேற்குக் காற்றே ஏற்றமாகிவிடும். காற்றே இல்லாத நாளில்கூட, மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தை 30 ஆக்கினால், காற்றைத் தள்ளுவதற்கான உழைப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிறது.

நாங்கள் மூவர் புறப்பட்டோம். மூத்தவரான அண்ணை முன்னே போக, அவருடைய பின்சில்லுக்கு அரை மீற்றர் தள்ளி நான் தொடர்ந்தேன். “சில்லைப் பாராதை தம்பி, என்ரை தோளைப் பார்” என்றார். தோளைப் பார்த்துக்கொண்டு போனால், அவர் பிரேக் பிடிக்கப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. காதில் இரைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கி, என் சங்கிலி பல்லில் ஏறும் மெல்லிய ஓசை கேட்டது. முன்னே போகிறவரின் உடம்பு காற்றை மறைக்கும் ஒதுக்குக்குள் வந்துவிட்டேன் என்பதற்கு அதுவே அடையாளம். நன்றாக ஒட்டிச் சென்றால் பின்னால் வருபவரின் உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சமாகும்.

சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுவதால், தெற்கே போகிறவருக்கு அது வலப்பக்க முன்புறத்திலிருந்து வருகிறது. ஆகவே ஒதுக்கு நேர் பின்னால் அமையாமல் இடப்புறமாகச் சரிந்து கிடக்கும். அண்ணை வீதியின் உட்பக்கமாக விலகிக்கொள்ள, நான் அவருக்கு இடப்புறத்திலும், மூன்றாமவர் எனக்கும் இடப்புறத்தில் கரைக்கோட்டிலுமாகச் சாய்வரிசையில் சென்றோம். நான்காவதாக ஒருவர் வந்திருந்தால் அவருக்குக் கிரவல்தான் மிஞ்சியிருக்கும். பின்னால் பேருந்தின் ஹோர்ன் கேட்கும்போதெல்லாம், காற்று அடித்தாலும் பரவாயில்லையென்று ஒற்றை வரிசைக்கு மாறினோம்.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறியபோது, வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று எங்களைக் கடந்தது. நான் அதன் பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். கால்கள் தாமாகச் சுழல்வது போலிருந்த அந்தச் சுகத்தில் முன்னால் வீதி இருப்பதையே மறந்துவிட்டேன். மாடுகள் குறுக்கிட்டிருக்க வேண்டும். பெட்டி திடீரென நின்றது. அதில் பிரேக் விளக்கு இல்லை. கண்ணில் வைக்கோல் தூசியோடு இடப்புறம் ஒடித்து, கிரவலில் சறுக்கி விழுந்தேன். முழங்கை உரிந்தது.

அண்ணை வந்து சேர்ந்ததும் முதலில் காயத்தைக் கழுவினார். “உழவு மெசின் உனக்குக் கை காட்டாது தம்பி” என்று மட்டும் சொன்னார். 1899 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் மேர்பி, இரயில் பெட்டிக்குப் பின்னால் ஒரு மைல் தூரத்தை 57.8 விநாடிகளில் மிதித்துக் கடந்தாரென்றால், தண்டவாளங்களுக்கு நடுவே அவருக்காகவே பலகை பாவியிருந்தார்கள். பெட்டியின் பின்பலகையைத் தவிர எதையும் காணாமல் ஓடிய எனக்கோ, காலடியில் என்ன வருகிறதென்றே தெரியாது.

மாங்குளம் தாண்டியதும் முன்னே போகும் முறை எனக்கு வந்தது. காற்று நெஞ்சில் அறைந்தது. ஒரு பாலத்தருகே கிரவல் சிதறிக் கிடந்ததைக் கண்டு, எரியும் முழங்கையைத் தாழ்த்தி விரலால் காட்டினேன்.

“கண்டன்” என்றார் அண்ணை, பின்னாலிருந்து.