மாமி சொல்லும் கதை

2025 யூலை 23

நாளை ஆடி அமாவாசை. மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்காக, வாவிக்கு அக்கரையில் உள்ள கொக்கட்டிச்சோலையிலிருந்து மாமி வந்துவிட்டார். கையில் ஒரு சட்டி எருமைத் தயிர். கூடவே என் கதையும் வந்திருக்கும்.

யூலை 24

அமிர்தகழியில், கோயில் தீர்த்தத்தில், தம்பி அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டான். விரதச் சோறு சாப்பிட்டு முடிய, மாமி தொடங்கினார்.

எனக்கு ஐந்து வயது. ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேற்றம். அப்பாதான் அபிமன்னன், பாரதத்து அபிமன்யு. நான் மாமியின் மடியில் நித்திரை. விடியப்புறம் மத்தளம் வேகமெடுக்க விழித்துப் பார்த்தால், கூத்தாடும் களரியில் அப்பாவைச் சுற்றி வாளோடு ஐந்தாறு பேர். ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "என்ட அப்பாவ வெட்டாதீங்க!" என்று கத்தினேனாம். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டார். அபிமன்னன் என்னைத் தூக்கிக்கொண்டு களரியை ஒருமுறை சுற்றிவந்து, மாமியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பப் போய்ச் செத்தாராம்.

மண்முனைப் பாலம் 2014இல்தானே வந்தது. அதற்கு முந்திய காலம் அது, துறையில் வாவியைக் கடக்கப் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறும்போது முன்பின் தெரியாதவர்கள்கூட, "இதுதானா அந்தப் புள்ள?" என்று கேட்பார்களாம். பள்ளிக்கூடத்தில் பெடியள் "வெட்டாதீங்க" என்றே என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது மாமிமீது அவ்வளவு கோபம். இன்று அவர் ஒரு சொல்லை விட்டாலும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். எனக்கு நினைவிருப்பது சதங்கைச் சத்தமும் அப்பாவின் வியர்வை மணமும் மட்டும்தான். மீதியெல்லாம் மாமி தந்தது.

அப்புறம் மாமி என் மகனின் கதைக்குப் போனார். பாலர் பாடசாலைக் கலைவிழா மேடையில் அவன் காற்சட்டை நனைந்த கதை. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அவன் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றான். கூப்பிட்டும் வரவில்லை.

யூலை 25

இரவு நித்திரை வரவில்லை. என் கதையில் அப்பா இருக்கிறார். அவன் கதையில் நனைந்த காற்சட்டையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அவனுக்கு இப்போதுதான் எட்டு வயது.

காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது சொன்னேன். "மாமி, என்ட கதைய எத்தின தரமெண்டாலும் சொல்லுங்க. அவன்ட கதைய அவனைக் கேக்காமச் சொல்லாதீங்க."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானே கிணற்றடிக்குப் போய் அவனிடம் கேட்டார்.

"இப்ப வேணாம் பெத்தா. நான் பெரிய வகுப்புக்குப் போனாப்பிறகு சொல்லுங்க."

"சரி மனே," என்றார் மாமி.