தோமையார் கல்லறைக்குப் படி வெளியே இருக்கிறது

இயேசுவின் சீடரான தோமையாரின் கல்லறையைத் தேடி, நேர்ச்சையோடு சென்னை சாந்தோம் பேராலயத்துக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் முன்வாசலில்தான் தடுமாறுகின்றன. நேரே உள்ளே போய், பூசை நடக்கும்போதே பீடம் வரை நடந்து, "கல்லறை எங்கே?" என்று கிசுகிசுப்பார்கள். கோயிலுக்குள் தேட வேண்டாம். வெளியே வந்து பின்பக்கம் சுற்றிப் போனால் கீழே இறங்கும் வழி தனியாக இருக்கிறது. மேலே பூசை காண்பவர்களுக்கும் கீழே செபிக்க வருபவர்களுக்கும் இடைஞ்சல் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. புதிய யோசனையும் அல்ல. ரோமாபுரியில் பேதுருவின் கல்லறையைச் சுற்றி, பீடத்துக்கு அடியில் அரைவட்டமாக ஒரு நடைவழி இருந்தது. அது 600-ஆம் ஆண்டை ஒட்டி, பெரிய கிரகோரியார் பாப்பரசராக இருந்த காலத்துப் பழக்கம்.

அந்த நிலத்தடி அறைக்கு மேல்நாட்டார் சொல்வது 'கிரிப்ட்'. 'மறைந்தது' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'குரோட்டோ'வும் அதே வேரில் முளைத்ததுதான். நாம் லூர்து மாதாவுக்குக் கட்டும் கெபியை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 'கேட்டகோம்' வேறு, அது ஊருக்கு வெளியே பலரைப் புதைத்த சுரங்கம். இரண்டையும் ஒன்றாக்கி 'சுரங்கக் கல்லறை' என்று எழுதுவது தவறு. 'நிலவறை' சரியான சொல்தான், ஆனால் அதைக் கேட்டால் நம்மவர்களுக்குப் பத்மநாபசாமி கோயில் தங்கம்தான் நினைவுக்கு வரும். ஆகவே வழி கேட்கும்போது 'தோமையார் கல்லறை' என்றே கேளுங்கள். ஆட்டோக்காரரிடம் 'தோமையார் கோயில்' என்று மட்டும் சொன்னால் பரங்கிமலையில் இறக்கிவிடுவார். தோமையார் ஒளிந்திருந்தது சின்னமலை, உயிர்விட்டது பரங்கிமலை, அடக்கம் சாந்தோம் இருக்கும் மயிலாப்பூர்.

எந்த இடத்துக்கு நேர் கீழே கல்லறை என்பதை வெளியில் நின்றே கண்டுகொள்ளலாம். 155 அடி உயரக் கோபுரத்தைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கூரை நடுவே நிற்கும் சின்னக் கோபுரம்தான் கல்லறைக்கு அடையாளம். போர்த்துக்கீசியர் 1523-இல் எழுப்பிய கோயிலை எடுத்துவிட்டு 1896-இல் இப்போதுள்ளதைக் கட்டி முடித்தவர்கள் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

ஞாயிறும் ஜூலை 3 திருநாளும் கூட்டம் தாங்காது. நடைபாதையில் மெழுகுவர்த்திக் கட்டைக் கையில் திணித்துவிட்டுப் பிறகு விலை சொல்பவர்களிடம் முதலிலேயே விலை கேட்டுவிடுங்கள். எரியும் திரியோடு படி இறங்காதீர்கள். மூடிய அறையில் புகை வெளியேற வழியில்லை, கிழவர்கள் மூச்சு முட்டி நிற்கிறார்கள். கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கிற கூட்டத்தைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. வார நாள் காலை போனால் கொஞ்சம் உட்கார இடம் கிடைக்கும்.

உட்கார வேண்டும், அதற்காகத்தான் இறங்குகிறோம். தோமையார் உடல் இங்கே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றைய துருக்கியில் உள்ள எதேசா போய், கிரேக்கத்தின் கியோஸ் தீவு போய், 1258 முதல் இத்தாலியின் ஒர்த்தோனாவில் இருக்கிறது. அங்கும் பேராலயத்தின் நிலவறையில்தான். இங்கே எஞ்சியிருப்பது சிறு எலும்புத் துண்டும், அவரைக் குத்திய ஈட்டியின் முனையும். ஆனாலும் அந்தப் பீடத்துக்கு முன் முழங்காலிட்டதும் கேட்க வந்ததெல்லாம் மறந்துபோகிறது. ஆண்டவரின் காயத்தில் விரல் இட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர், கடல் கடந்து இந்த மணலில் கிடந்தார். "என் ஆண்டவரே, என் கடவுளே" என்று அவர் சொன்னதையே நாமும் சொல்கிறோம்; அதற்கு மேல் செபம் ஓடவில்லை. 1545-இல் நான்கு மாதம் போல சவேரியார் இந்தக் கல்லறையடியில் செபித்ததில் என்ன வியப்பு? தீர்ந்த நோய்க்கும், கிடைத்த பிள்ளைக்கும், திரும்பி வந்த மகனுக்கும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுக்க, நம் வாயும் அதையே பிடித்துக்கொள்கிறது.

காணிக்கையை உண்டியலில் போடாமலே மேலே வந்துவிடுபவர்கள் உண்டு. மறுபடி வரிசையில் நின்று இறங்குகிறார்கள், சந்தோஷமாகவே.