இடப்பக்க வெள்ளைக் கோடு

பினாங்கில் பொழுது விடிய ஏழு மணி ஆகிவிடும். 1982இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் காலை வேலையெல்லாம் இருட்டோடுதான். ஏழு மணி ஷிப்டுக்கு ஆட்களைப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இறக்கிவிட வேண்டுமென்றால், நிபோங் திபாலில் நான் பஸ்ஸைக் கிளப்பும்போது மணி 4.50. சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட் என்று பழைய கூட்டரசுச் சாலையில் ஒவ்வொரு நிறுத்தமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு, பத்து காவான் போய், கடலைத் தாண்டித் தீவுக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் ஏறுவேன். 2014இல் அந்தப் பாலம் திறப்பதற்கு முன்பு பிறை வரை போய் முதல் பாலத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. மாலை ஷிப்டு முடிந்தவர்களை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இருட்டில்தான். இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். பகல் வெளிச்சத்தில் நான் ஓட்டிய தூரத்தை விட இருட்டில் ஓட்டிய தூரம் நிச்சயம் அதிகமாக இருக்கும்.

பாலத்தில் எனக்குப் பயம் கிடையாது. நடுவில் தடுப்பு இருக்கிறது, விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் பக்கக் கண்ணாடியில் வந்து குத்தும், அவ்வளவுதான். பயமெல்லாம் பழைய சாலையில், நடுவில் தடுப்பு இல்லாமல் வண்டிகள் எதிரும் புதிருமாக வந்து, எதிர்விளக்கு கண்ணைப் பறிக்கும் இடங்களில்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சுங்கை பாக்காப்பைத் தாண்டியிருந்தேன். எதிரே உயரமான வண்டி ஒன்று வந்தது. அதன் முன்விளக்குகள் வெள்ளை வெளேரென்று, நீலம் கலந்து எரிந்தன. சாலை நனைந்திருந்ததால் மேலே இரண்டு விளக்கு, தார்ச் சாலையில் இரண்டு விளக்கு என்று நான்காகத் தெரிந்தன. அந்த வண்டி என்னைக் கடந்து போன பிறகும் எனக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணுக்குள் பச்சையும் ஊதாவுமாக ஒரு திட்டு மிதந்துகொண்டிருந்தது. காலை எடுத்து பிரேக்கில் வைத்தேன். திட்டு கலைந்தபோது ஒரு நம்பர் பிளேட் மினுங்கியது. பின்விளக்கு எரியாத மோட்டார் சைக்கிள். மழைக்கோட்டு போட்ட ஒருவர், என் பக்கத்திலேயே, எனக்கு முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். பிரேக்கை அழுத்திய அழுத்தில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் முன்சீட்டில் இடித்துக்கொண்டு எழுந்தார்கள். பஸ் நிற்கும்போது மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் என் கண்ணாடியின் கீழ் விளிம்புக்குள் மறைந்துவிட்டிருந்தது.

இடிக்கவில்லை. அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று தெரியாமலே தன் வழியில் போய்விட்டார். பஸ்ஸில் யாரோ "என்ன அண்ணே?" என்று கேட்டார்கள். "நாய்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் இன்றும் உறுத்துகிறது.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். மூன்று நொடி கண் தெரியவில்லை என்றால் 60 மீட்டர் தூரம் குருடனாக ஓட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். இருட்டில் அகலமாக விரிந்திருக்கும் கண்மணி, வெளிச்சம் பட்டதும் சட்டென்று சுருங்கிவிடுகிறது. ஆனால் மறுபடி விரிவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அது மட்டுமில்லை. இருட்டில் பார்ப்பதற்கென்று விழித்திரையில் இருக்கும் செல்கள் தங்கள் முழுத் திறனுக்கு வர அரை மணி நேரம் வரை ஆகும். சேர்த்து வைத்த அந்தத் திறனை எதிரே வரும் ஒரு வண்டி நொடியில் கரைத்துவிட்டுப் போய்விடுகிறது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்குத் தடம் காட்டிய மூத்த ஓட்டுநர், தோட்டத்து லாரி ஓட்டிப் பழகியவர். முதல் இரவே அவர் சொன்னது: "வெளிச்சத்தை முறைக்காதே தம்பி. இடப்பக்கக் கோட்டைப் பிடி." எதிரே விளக்கு தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு இறக்க வேண்டும். விளக்கு கண்ணின் ஓரத்தில் கடந்து போகும். கோடு பஸ்ஸைக் கொண்டுபோய்விடும். இருபது ஆண்டுகள் அதை வைத்துத்தான் பிழைத்தேன். ஆனால் அன்று கோடு இல்லை. நனைந்த சாலை என் விளக்கின் வெளிச்சத்தை எனக்குத் திருப்பித் தராமல், கண்ணாடி மாதிரி முன்னோக்கிச் சிதறடித்துவிட்டது. என் வெளிச்சம் எதிரே வருபவனின் கண்ணுக்கும், அவன் வெளிச்சம் என் கண்ணுக்கும் போய், சாலைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் எனக்குப் பொல்லாத கோபம். எதிரே யாராவது கண் கூச வந்தால் நானும் ஹைபீமைப் போட்டுக் காட்டினேன். பஸ்ஸின் ஹைபீம் சாதாரணமானதில்லை. கண் தெரியாமல் என்னை நோக்கி வரும் ஒருவனை இன்னும் குருடாக்குகிறேன் என்று அப்போது தோன்றவில்லை.

கண்ணைத் திறந்துவிட்டவர் என் பஸ்ஸிலேயே வரும் ஓர் அக்கா. பதினோரு ஆண்டுகளாக எனக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்து வருபவர், மின்னணுத் தொழிற்சாலையில் லைன் வேலை. இறங்கும்போது தயங்கி நின்றார்.

"அண்ணே, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? என் வீட்டுக்காரர் இரவு வேலை முடிந்து எதிர்ப்பக்கமாக மோட்டாரில் வருகிறார். நம் பஸ் வருவது தெரிந்தால் ஓரமாக நிறுத்திவிடுகிறாராம். பஸ் போன பிறகுதான் எடுக்கிறாராம். ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்."

நம் பஸ். அதற்கு முந்தைய ஆண்டுதான் மழையில் நன்றாகத் தெரியட்டும் என்று பழைய ஹாலஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு, 120 வெள்ளிக்கு (ரிங்கிட்) எல்இடி பல்பு வாங்கி மாட்டியிருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிலையத்துக்குச் சோதனைக்குப் போகும்போது பழைய பல்பை மாட்டிக்கொண்டு போய், திரும்பியதும் எல்இடியை மாட்டியவர்களில் நானும் ஒருவன். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே பொருள் இல்லை.

எங்கள் பட்டறை மெக்கானிக் ஒரு பல்பைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். ஹாலஜன் பல்பில் ஒளி விடுவது ஒரு மெல்லிய கம்பிச் சுருள். அந்தச் சுருள் எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்கிட்டுத்தான் பின்னால் இருக்கும் குழிந்த கண்ணாடியை வடிவமைத்திருக்கிறார்கள். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் வெளிச்சம் இடது ஓரத்தில் சற்று எழும்பியும், எதிரே வருபவர் இருக்கும் வலப்பக்கம் தாழ்ந்தும் விழ வேண்டும். எல்இடி பல்பில் ஒளி வருவது ஒரு பட்டையின் இரு முகங்களில் ஒட்டியிருக்கும் சில்லுகளிலிருந்து. கம்பி இருந்த இடத்தில் அவை இம்மி பிசகாமல் அமையாவிட்டால் வெளிச்சம் கண்டபடி மேலே தெறிக்கும். தொழிற்சாலையிலேயே எல்இடிக்கென்று செய்த விளக்கோடு வரும் கார்களில், சரியாகத் திருப்பி வைத்திருந்தால், இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இருக்காது. ஹாலஜனுக்குச் செய்த கூட்டில் எல்இடியை நுழைப்பதுதான் வினை.

அன்றே பழைய பல்புக்குத் திரும்பினேன். பட்டறைச் சுவருக்குப் பத்து மீட்டர் முன்னால் பஸ்ஸை நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, வெளிச்சத்தின் மேல்விளிம்பு அதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகினோம். திருப்தியாக இருந்தது. ஆனால் அது காலிப் பஸ். நாற்பது பேர் ஏறிய பிறகு பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்குமே என்ற எண்ணம் மறுநாள் பாலத்தில் போகும்போதுதான் வந்தது. அன்று சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்திருந்தோம். தொழிற்சாலையின் சுற்றுச்சுவரைப் பார்த்து பஸ்ஸை நிறுத்தி, "ஐந்து நிமிடம் யாரும் இறங்காதீர்கள்" என்று கேட்டுக்கொண்டேன். நான் கீழே போய்ச் சுவரை அளந்துகொண்டிருக்க, அத்தனை பேரும் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். வெளிச்சம் நான் நினைத்ததை விட ஒரு சாண் மேலே நின்றது. நான் குறித்த சுண்ணாம்புக் கோட்டை எதிரே வருபவர்கள் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆள் ஏற்றிய நிலைக்கு ஏற்ப மறுபடி தாழ்த்தி வைத்தோம். எனக்கு முன்னால் தெரியும் தூரம் குறைந்தது உண்மைதான். அதற்குத் தக்கபடி வேகத்தைக் குறைத்துவிட்டு, பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறேன்.

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்தை எல்லா ஓட்டுநர்களும் துடைப்பார்கள். உள்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. ஒருநாள் வெள்ளைத் துணியை நனைத்து உள்ளே ஓர் இழுப்பு இழுத்தேன். துணியில் சாம்பலும் பழுப்புமாகப் பிசுபிசுப்பான பட்டை. முகர்ந்து பார்த்தால் ஊதுவத்தி வாசம். தினமும் வண்டியை எடுப்பதற்கு முன் டாஷ்போர்டில் இருக்கும் முருகன் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றுவது என் வழக்கம். வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணியும் உண்டு. அந்தப் புகையும், வெயிலில் காயும் பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவியும், நாற்பது பேரின் மூச்சும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கண்ணாடியில் படிந்திருக்கின்றன. பகலில் அது தெரியாது. எதிரே ஒரு விளக்கு வந்தால் கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். அன்று நான்கு முறை துடைத்தேன். அதற்குப் பிறகு ஊதுவத்தியைப் பஸ்ஸுக்கு வெளியே, முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கும் இடத்தில் ஏற்றுகிறேன். படம் உள்ளே இருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறது. வைப்பரையும் மாற்றினேன். தேய்ந்த ரப்பர் கீறிய வளையங்கள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் ஒரு வில்லாக எரியும்.

இத்தனையும் செய்த பிறகும் விளக்குகளைச் சுற்றி எனக்கு வளையம் தெரிந்தது. மனைவி வற்புறுத்திக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது என்றார். "எழுத்துப் பலகையை நன்றாகத்தானே படித்தேன் டாக்டர்?" என்று கேட்டேன். வெளிச்சமான அறையில் கறுப்பு எழுத்தைப் படிப்பது வேறு, இருட்டில் எதிர்வெளிச்சத்துக்கு நடுவே ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது வேறு என்று பொறுமையாக விளக்கினார். கண்ணின் வில்லை மங்க மங்க, உள்ளே நுழையும் ஒளி சிதறி விழித்திரை முழுவதும் ஒரு திரையாகப் பரவுமாம். புரையே இல்லாவிட்டாலும் 60 வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதானாம். எனக்கு 56. எங்கள் தொழிலில் என் வயதுக்காரர்கள்தான் அதிகம். ஓட்டுநர் உரிமத்துக்கான மருத்துவச் சோதனையில் எழுத்தைப் படித்துவிட்டதால் இரவிலும் கண் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா, அடுத்த வாரமே போய்க் காட்டுங்கள். சென்ற ஆண்டு எனக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. முதல் இரவு பஸ் எடுத்தபோது விளக்குகள் ஓரம் பிசிறாமல், வட்டமாக இருந்தன. அதைப் பார்த்துத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இரவுச் சந்தையில் விற்கும் மஞ்சள் கண்ணாடியை நண்பர்கள் பலர் நம்புகிறார்கள். நானும் ஒன்று வைத்திருந்தேன். கண்ணுக்கு இதமாக இருப்பது உண்மை. ஆனால் 2019இல் அமெரிக்காவில் வண்டி ஓட்டுவது போலவே அமைத்த பாவனைக் கருவியில் வைத்து ஆராய்ந்தபோது, அதைப் போட்டவர்கள் இருட்டில் சாலையில் நிற்பவரைக் கண்டுபிடிப்பதில் எந்த முன்னேற்றமும் காணவில்லை. இருக்கும் கொஞ்ச ஒளியையும் குறைப்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கடைசியாக மிஞ்சியது என் பயணிகள் அடிக்கும் வெளிச்சம். விளக்கில்லாத நிறுத்தங்களில் நிற்பவர்கள், பஸ் தங்களை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று கைப்பேசி டார்ச்சை என் முகத்துக்கு நேராக ஆட்டுவார்கள். ஓரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், யாராவது சாலைக்குள் கால் வைத்திருக்கிறார்களா என்று அந்த நேரத்தில்தான் நான் பார்க்க வேண்டும், அப்போதுதான் கண் போய்விடும். ஒருநாள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன்: "என்னைப் பார்த்து அடிக்காதீர்கள் அம்மா. உங்கள் காலடியில் அடியுங்கள்."

இப்போது சிம்பாங் அம்பாட் நிறுத்தத்துக்குத் தொலைவில் வரும்போதே தரையில் சின்னச் சின்ன வட்டங்கள் தெரிகின்றன. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு ஜோடிச் செருப்பு. எண்ணிக்கொண்டே போய் நிறுத்துகிறேன். இன்று காலை ஏழு பேர்.