மேட்டு வழியில் ஒரு வாரம்: பாஸ்க் நாட்குறிப்பு

மே 11, 2024, சனி

வட ஸ்பெயினின் பாஸ்க் நாடு. பில்பாவோவில் எவுஸ்கோட்ரென் என்ற உள்ளூர் ரயிலில் சைக்கிளோடு ஏறி, மத்தியானம் கெர்னிகாவில் இறங்கினோம். தம்பி இங்கே வேலைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. அப்போதிருந்தே கூப்பிடுகிறான், எனக்கு இப்போதுதான் வாய்த்தது. அவன் சைக்கிள் சொந்தம். என்னுடையது வாடகை.

தங்கியிருப்பது கோர்தெசுபி பக்கம் ஒரு பாசெர்ரியில். பாசெர்ரி என்றால் பாஸ்க் பண்ணை வீடு. தடித்த கல்சுவர், அகலமான ஓட்டுக் கூரை. அந்தக் காலத்தில் கீழ்த்தளத்தில் மாடுகளும் மேலே வைக்கோலுமாக இருந்திருக்கிறது. இந்த வீடுகள் ஓரிடத்தில் கூடி நிற்காமல் மலைச்சரிவெல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. வீட்டுக்கு வீடு ஒரு பாதை வேண்டுமே! அதனால்தான் வரைபடத்தில் இத்தனை மெல்லிய கோடுகள். அநேகமாக எல்லாமே தாரோ கான்கிரீட்டோ போட்டவை.

மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துத் தம்பி சொன்னான்: "அக்கா, ஆறு, ரயில், ஃபேக்டரி, பெரிய ரோடு எல்லாம் பள்ளத்தாக்குலதான். இங்க சமதரையே அவ்வளவுதான். வண்டி இல்லாத ரோடு வேணும்னா மேல ஏறித்தான் ஆகணும்." சாலை எண்ணைப் பார்த்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாமாம். மூன்று இலக்கம் என்றால் லாரி ஓடும். நான்கு இலக்கம் என்றால் சிறியது, அதிலும் மூன்றில் தொடங்கினால் இன்னும் சிறியது.

நான் தேடி வந்ததும் அந்த மாதிரிச் சாலையைத்தான். இரண்டு வருடம் முன்பு ஊரில் ஒரு வேனின் பக்கக் கண்ணாடி என் வலது முழங்கையில் அடித்துவிட்டுப் போனது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து சைக்கிளில் ஏறினால் என் காது முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடிவதில்லை.

மே 12, ஞாயிறு

முதல் ஏற்றம் ஓமா பள்ளத்தாக்குக்கு. பாசொந்தோவிலிருந்து ஒற்றை வண்டி போகும் அகலம்தான் சாலை. இரண்டு பக்கமும் பாசி படிந்த கல் கட்டு, அதன் மேல் பெரணி. கால் மணி நேரம் எதிரிலும் பின்னாலும் ஒருவரும் இல்லை. என் மூச்சும் செயின் சத்தமும் மட்டும். அப்புறம் எங்கோ மாட்டு மணி.

இங்கே மலைகளில் நிறைய இடம் இயற்கைக் காடு இல்லை, மரத்துக்காக நட்ட பைன். 2018 வாக்கில் ஊசி இலைகளைப் பழுப்பாக்கும் பூஞ்சை நோய் வந்து தோட்டம் தோட்டமாக வெட்டினார்கள். ஓமாவில் இபர்ரோலா என்ற ஓவியர் 1980களில் பைன் மரங்களின் மேலேயே வண்ணம் தீட்டிய காடு ஒன்று உண்டு. அந்த மரங்களும் நோயில் விழுந்தன. பக்கத்திலேயே வேறு மரங்களில் அதே ஓவியங்களை மறுபடி தீட்டித் திறந்தது 2023இல். அதே வருடம் நவம்பரில் அவர் இறந்துபோனார். வெட்டிய இடங்களில் இப்போது யூகலிப்டஸ் எழும்புகிறது. நீலகிரியில் அதைப் பார்த்து வளர்ந்தவள் நான், சந்தோஷப்பட முடியவில்லை.

எரென்யோவில் தண்ணீர் பிடிக்க நின்றோம். இந்த ஊரின் கல் சிவப்பு. அதற்குள் வெள்ளை வெள்ளையாகப் பழங்காலக் கடற்சிப்பிகள் பதிந்திருக்கின்றன. ஈரத் துணியால் துடைத்தால் வெட்டிய பீட்ரூட் போல இருக்கிறது.

அங்கிருந்து எலான்சோபே. மலை நேராகக் கடலில் இறங்கும் ஊர். பேருந்து திரும்ப இடமில்லாததால் தரையில் ஒரு சுழல்தட்டு வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் வண்டியை அதன் மேல் நிறுத்த, தட்டு பேருந்தோடு சுற்றுகிறது. இரண்டு முறை பார்த்தேன்.

ஞாயிறு என்பதால் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எழுபது வயதுக்காரர்களும் உண்டு. கடக்கும்போது ஒவ்வொருவரும் "ஆவ்பா!" என்கிறார்கள். போன வருடம் ஜூலை 1 அன்று டூர் தெ ஃப்ரான்ஸ் பில்பாவோவில் தொடங்கியபோது மலையோரம் முழுக்க நின்று கத்தியவர்கள் இவர்கள்தான்.

எண்ணினேன்: ஏற்றங்களில் மட்டும் 6 கார், 1 டிராக்டர்.

மே 13, திங்கள்

கெர்னிகாவில் திங்கட்கிழமைச் சந்தை. பச்சை மிளகாய், பீன்ஸ், இதியாசாபால் பாலாடைக்கட்டி. 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் இந்த ஊரின் மேல் குண்டு போட்டதும் ஒரு திங்கட்கிழமைதான். தெரிந்துகொண்டு அதே கிழமையில் அதே கூட்டத்தில் நின்றால் காலில் ஒரு கனம் ஏறுகிறது. பாஸ்க் மக்களின் சுதந்திரச் சின்னமான ஓக் மரத்தைப் பார்த்தோம். இப்போது நிற்பது 2015இல் நட்ட கன்று. பழைய மரத்தின் அடிமரத்தைத் தூண்கள் சூழ்ந்த ஒரு மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள்.

சைக்கிள் எடுக்கவில்லை.

மே 14, செவ்வாய்

சிரிமிரி. விழுவதே தெரியாமல் நனைக்கும் தூறலுக்கு இங்கே இந்தப் பெயர். நாள் முழுக்க.

மே 15, புதன்

முனிதிபாரிலிருந்து லேயா ஆற்றோடு லெகெய்தியோ வரை. தம்பி சொன்ன விதிக்கு இது விலக்கு. பள்ளத்தாக்குதான், ஆனால் ரயில் வரவில்லை, பெரிய சாலையும் வரவில்லை. அவுலெஸ்தி தாண்டியதும் ஆறு வலமும் இடமுமாக மாறி மாறி வந்தது. பழைய மாவு ஆலைகள், ஒரு கல் பாலம், தண்ணீருக்குள் நின்று மீன்பிடிக்கும் ஒருவர். கால் மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை, மெல்லிய இறக்கம்.

லெகெய்தியோவில் கடல் வடிந்திருந்தது. கரைக்கு எதிரே உள்ள தீவுக்கு அப்போது நடந்தே போகலாம். போனோம்.

திரும்பும் வழியில் வேலியோரம் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தம்பியிடம் "நோந்திக்?" என்றார். "கெர்னிகாத்திக்." "நோரா?" "கெர்னிகாரா." எங்கிருந்து, எங்கே என்று கேள்வி; கெர்னிகாவிலிருந்து கெர்னிகாவுக்கே என்று பதில். அவர் சிரித்தார். எனக்கு அந்த உரையாடல் நம் இலக்கணம் போலவே கேட்டது. ஊர்ப் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்கிறது எல்லாம்: -திக் என்றால் -இலிருந்து, -ரா என்றால் -க்கு. உறவு இருக்கிறது என்று சொல்லவில்லை; எவுஸ்காரா என்ற இந்தப் பாஸ்க் மொழிக்கு உலகில் நிரூபிக்கப்பட்ட உறவுமொழியே கிடையாது. ஆனாலும் ஒரு தமிழ்க் காதுக்கு அது அந்நியமாக இல்லை.

கடைசி ஏற்றத்தில் பின்னால் ஒரு கார். சத்தம் கேட்டதும் தோள் இறுகியது. அது முந்தவில்லை. பார்வை தெரியாத வளைவு என்பதால், முந்நூறு மீட்டர் என் வேகத்துக்கே, முதல் கியரில் ஊர்ந்து வந்தது. சாலை விரிந்ததும் எதிர்த் தடத்துக்கு முழுசாக விலகிப் போனது. ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்பது இங்கே சட்டம். அதற்கு மேல் விட்டார். ஹாரன் அடிக்கவில்லை. நன்றி சொல்லக் கையைத் தூக்கும்போதுதான் கவனித்தேன், ஹேண்டில்பாரை நான் ஒரு கையால்தான் பிடித்திருந்தேன். இரண்டு வருடமாகச் செய்யாதது.

4 கார். ஒரு மஞ்சள் தபால் வண்டி.

மே 17, வெள்ளி

இன்று நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

முனிதிபார் தாண்டி மேடேறி போலிபாரில் இறங்கினோம். தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் முன்னோர்கள் இந்த ஊர்க்காரர்கள், பெயரும் இங்கிருந்து போனதுதான். அங்கிருந்து செனார்ருசா மடத்துக்கு ஏறினோம். ஏற்றம் என்றால் ஏற்றம்! "இப்பவே சின்ன கியருக்கு வந்துடுக்கா, அப்புறம் மாத்தினா செயின் கழண்டுடும்," என்றான் தம்பி. மிகச் செங்குத்தான இடங்களில் இங்கே தார் போடுவதில்லை, கான்கிரீட் ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே குறுக்கே கோடு கிழித்துவிடுகிறார்கள், டிராக்டர் சக்கரம் வழுக்காமலிருக்க. அந்தக் கோடுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணியே மிதித்தேன். உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கியது. எழுந்தால் பின்சக்கரம் வழுக்கியது. மூக்கு ஹேண்டில்பார் மேல் படும்படி குனிந்தபோது நின்றது. அப்படியே ஏறினேன். புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்து, "லசாய், லசாய்," என்றார். நிதானமாக, பதற்றமில்லாமல் என்று அர்த்தமாம்.

மேலே சிஸ்டெர்சியன் துறவிகளின் மடம். சாந்தியாகோவுக்கு நடக்கும் யாத்ரீகர்கள் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் படுத்திருந்தார்கள்.

இறக்கத்தில் பின் பிரேக்கில் உலோகம் உரசும் சத்தம். நிறுத்திப் பார்த்தால் பிரேக் கட்டையில் ரப்பரே இல்லை. முன்னதும் தேய்ந்துதான் இருந்தது. வாடகைக் கடையில் "எல்லாம் சரி பார்த்தாச்சு" என்றுதான் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. மலை நாட்டில் பிரேக் பார்க்காமல் சைக்கிள் கொடுப்பது சின்னத் தப்பு இல்லை. புறப்படும் முன் நானும் குனிந்து பார்த்திருக்க வேண்டும், இனி பார்ப்பேன்.

போலிபார் வரை தள்ளிக்கொண்டே இறங்கினேன். தம்பி மார்கினாவுக்குப் போய்க் கட்டை வாங்கி வருவதாகக் கிளம்பினான். போகும் முன் எதிர்மலையைக் காட்டினான்: "அதுக்கு அந்தப் பக்கம்தான் ஏய்பார்." அவன் ஓட்டும் ஓர்பேயா 1840இல் அங்கே துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம். துப்பாக்கி விற்பனை படுத்தபோது, 1930 வாக்கில், சைக்கிளுக்கு மாறினார்கள். குழல் செய்யத் தெரிந்த கைகளுக்குச் சட்டகம் செய்வது கஷ்டமாக இருந்திருக்காது.

நான் ஊரின் ஃப்ரொன்டோன் திண்ணையில் உட்கார்ந்தேன். பந்தடிக்கும் உயரமான சுவர் அது, ஊருக்கு ஊர் உண்டு. இரண்டு பையன்கள் வெறுங்கையால் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். டொக், ஒரு இடைவெளி, டொக். மலையில் பட்டு அது திரும்பி வந்தது. ஒன்றேகால் மணி நேரம். இடையில் கண்ணை மூடியிருக்கிறேன், தூங்கவில்லை. பின்னால் சாலை இருந்தது. அதில் வண்டிகள் போயிருக்க வேண்டும். இன்று எண்ண மறந்துவிட்டேன்.

மே 18, சனி

மூன்று மணிக்கு ரயில். காலையில் ஓமா வழியே இன்னொரு முறை போனோம், புதிய பிரேக் கட்டையோடு. பாதி ஏற்றத்தில் குயில் கத்தியது. நம் குயில் இல்லை, இங்கத்தியது, இரண்டே சுரம். அதன் பெயரும் குக்கு. தம்பி முன்னால் போய்விட்டான். நான் வலது ஓரத்தில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, கத்தி முடிக்கும் வரை நின்றேன். அப்புறம் சின்ன கியரில் போட்டு மிதித்தேன்.

1 கார், 2 டிராக்டர், ஒரு நாய்.