சார்ரியாவிலிருந்து சந்தியாகோ வரை முத்திரை பெற்று நடந்த வழி

ஸ்பெயினின் வடமேற்கில் உள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்திற்கு நடந்து செல்பவர்களுக்கு வழங்கப்படும் யாத்திரைச் சான்றிதழைப் பெற, குறைந்தது 100 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் நாளொன்றுக்கு இரண்டு முத்திரைகளையாவது யாத்திரை அட்டையில் பதித்துக்கொள்ள வேண்டும். எங்கள் தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் என்று நாங்கள் வணங்கும் புனித யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பப்படுவதால், அந்த வழியில் நடக்க வேண்டும் என்ற ஆசை எனக்குச் சிறுவயதிலிருந்தே இருந்தது. சுமார் 115 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சார்ரியாவிலிருந்து தொடங்கினேன்.

ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டோடு தங்குமிடச் சான்றும் தேவைப்பட்டது. சந்தியாகோ அமைந்துள்ள காலிசியா மாநிலத்தின் அரசு நடத்தும் யாத்திரை விடுதிகளில் முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கே கட்டில் என்பதால், எல்லா இரவுகளுக்கும் தனியார் விடுதிகளிலேயே பதிவு செய்தேன். நம்மூரிலிருந்து செல்வோருக்கு அதுவே பாதுகாப்பான வழி.

நடப்பதற்கான வழியைத் தேட வேண்டியதில்லை. இதே யாத்திரை வழியில் உள்ள ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்தின் பங்குத்தந்தை எலியாஸ் வாலிஞா 1980களில் தீட்டத் தொடங்கிய மஞ்சள் அம்புக்குறிகள் இன்று மரத்திலும் மதிலிலும் நம்மை அழைத்துச் செல்கின்றன. சிப்பி பொறித்த கற்கள் மீதித் தொலைவைச் சொல்கின்றன. யாரிடமும் பேசாமலேயே சந்தியாகோவை அடைந்துவிடலாம். முத்திரைக்காகத்தான் ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இயல்பாகவே கூச்ச சுபாவம் உள்ள எனக்கு அந்த விதி செய்த நன்மை பெரிது. தேவாலயம், விடுதி, காபிக் கடை என்று எங்கு நுழைந்து அட்டையை நீட்டினாலும், முத்திரை குத்துபவர் எந்த ஊர் என்று கேட்காமல் அதைத் திருப்பித் தந்ததில்லை.

போர்ட்டோமரின் ஊரில் முத்திரை குத்திய கடைக்காரர், என்னை வாசலுக்கு அழைத்துச் சென்று எதிரே இருந்த தேவாலயத்தைக் காட்டினார். 1960களில் பெலேசார் அணை கட்டப்பட்டபோது பழைய ஊர் நீரில் மூழ்கவிருந்ததால், அந்தக் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். கற்களில் அன்று எழுதிய எண்கள் சில இன்னும் தெரிகின்றன. வேலையை விட்டுவிட்டு அவர் ஒவ்வோர் எண்ணாகத் தேடிக் காட்டியதை நான் மறக்க மாட்டேன்.

பாலாஸ் தே ரெய்யைக் கடந்த பின் ஒரு வீட்டு வாசலில், பழங்களும் காணிக்கைப் பெட்டியும் முத்திரையும் வைத்து ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். எனக்கு ஸ்பானிய மொழி சில சொற்களுக்கு மேல் தெரியாது. எங்கள் ஊர் சந்தியாகப்பர் ஆலயத்தின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். அவர் உடனே உள்ளே குரல் கொடுத்துக் கணவரை வரவழைத்தார். இருவரும் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்கள். மூதாட்டி, மை உலரும்வரை அட்டையை ஊதியபடியே வைத்திருந்துவிட்டுத்தான் என்னிடம் தந்தார்.

மெலிடேயை நெருங்கும்போது மழையில் நனைந்த காலில் கொப்புளம் எழுந்தது. பின்னால் வந்த கொரியப் பெரியவர் ஒருவர், கேட்காமலேயே அமர்ந்து, ஊசியைச் சுத்தம் செய்து கொப்புளத்தின் நீரை வடித்துக் கட்டுப்போட்டார். அன்றிலிருந்து அவர் என் வேகத்திற்கு நடந்தார்.

சந்தியாகோவில் யாத்ரீகர் அலுவலகத்தில் பதிவுசெய்து வரிசை எண் பெற்றுக் காத்திருந்தால் போதும். அங்கிருந்த தன்னார்வலர் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, நடந்த காரணம் சமயம் சார்ந்ததா என்று கேட்டுவிட்டு, லத்தீன் வாசகம் கொண்ட சான்றிதழில் என் பெயரை எழுதித் தந்தார். அதற்குக் கட்டணம் இல்லை. முதுகுப் பையோடு பேராலயத்திற்குள் விடமாட்டார்கள் என்பதால், கொரியப் பெரியவர் இரண்டு பைகளுக்கும் காவலாகச் சதுக்கத்தில் அமர்ந்துகொண்டார்; நான் புனிதரின் கல்லறையை வணங்கி வந்ததும் அவர் உள்ளே போனார்.