வாய்தா நாட்கள்

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

கூரியரில் பரஸ்பர சம்மத விவாகரத்து மனு வந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. "ஆறு மாதத்தில் முடிந்துவிடும், மனக்கசப்பு வேண்டாம்" என்று என் கணவர் போனில் சொன்னபோது மனம் இளகத்தான் செய்தது. பாப்பா தூங்கிய பிறகு வரி விடாமல் படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் இருந்தது: இரண்டாம் மனுதாரர் (அதாவது நான்) தமது நகைகள் அனைத்தையும் பெற்றுக்கொண்டார், இனி எக்காலத்திலும் ஜீவனாம்சம் கோரமாட்டார். குண்டுமணித் தங்கம்கூட என் கைக்கு வரவில்லை. தாள்களை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

திருச்சியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, வக்கீல் இலவசம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறதாம். இத்தனை நாள் இது எனக்குத் தெரியாது. வக்கீல் அம்மா நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கைப்பேசியில் இ-கோர்ட்ஸ் தளத்தில் என் பெயரைத் தேடினார். கோவை குடும்பநல நீதிமன்றத்தில் ஜூன் மாதமே என் மேல் விவாகரத்து வழக்கு! அடுத்த வாய்தா 19-ஆம் தேதி. "போகாவிட்டால் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிடுவார்கள். நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிடும்" என்றார். சமாதானத் தாளை எனக்கு அனுப்பியவர், வழக்குப் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விடியற்காலை பஸ்ஸில் கோவை. அப்பா துணைக்கு வந்தார். மார்ச் மாதமே நான் விட்டு வந்த வீட்டு விலாசத்துக்குத்தான் சம்மன் போயிருக்கிறது. பெற்றுக்கொண்ட கையெழுத்து என் மாமியார் அத்தையுடையது. பால் கணக்கு நோட்டில் எட்டு வருடம் தினமும் பார்த்த கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் அப்படியே கீழே இறங்கி வளைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. நான் திருச்சியில் இருப்பது அவர்களுக்குத் தெரியும். பாப்பாவின் பிறந்தநாளுக்கு இந்த விலாசத்துக்குத்தான் பார்சல் அனுப்பினார்கள்.

எதிர்வுரை தாக்கல் செய்ய அவகாசம் கிடைத்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

அம்மாவும் நானும் கல்யாண ஆல்பத்தை விரித்துவைத்து நகைகளை எண்ணினோம். முகூர்த்தப் படத்தில் அட்டிகை, நெல்லிக்காய் மாலை, நான்கு ஜோடி வளையல். வரவேற்புப் படத்தில் ஒட்டியாணம். பிஸ்கட் டப்பாவில் அம்மா சேர்த்துவைத்த ரசீதுகள் 42 சவரனில் 31 சவரனுக்கு இருக்கின்றன. மை மங்கிய மூன்றை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். ஸ்திரீதனம், அதாவது கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்த நகையும் பொருளும், மனைவிக்கே முழுச் சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கொடுத்தோம் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். தங்கைகளுக்கும் சொல்லிவிட்டேன்: ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இரவு பத்தரைக்கு அழைத்தார். "நீ என் அம்மாவைக் கைநீட்டி அடித்தாய் அல்லவா?" என்று ஒரே கேள்வியை ஏழெட்டு முறை வேறு வேறு விதமாகக் கேட்டார். நான் கத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்பது நான்காவது முறைதான் உறைத்தது. கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்தாலும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை வக்கீல் அம்மா ஏற்கெனவே எச்சரித்திருந்தார். "நான் யாரையும் அடிக்கவில்லை. இனி எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கை நடுக்கம் நிற்க வெகுநேரமாயிற்று.

அக்டோபர் 15, புதன்

சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருக்கிறார். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2020 நவம்பரில் வந்த தீர்ப்பு. மாத வருமானம் 18 ஆயிரமாம்! போன வருடம் பாப்பாவின் பள்ளிக் கட்டணமே 70 ஆயிரம், அவர் கணக்கிலிருந்துதான் போனது. சூலூர் மனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் சீட்டுப் பணமும் சேர்ந்து வாங்கிய மனை அது. பத்திர நகலில் இருந்த சர்வே எண்ணை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்தேன். மே மாதம் தம்பி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதியிருக்கிறார், வழக்குப் போடுவதற்கு முந்தைய மாதம். அச்செடுத்து வக்கீல் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குப் பாப்பா அவரிடம் பேசுகிறாள். குழந்தையைக் காட்ட மறுக்கிறேன் என்று மனுவில் எழுதியிருக்கிறார். அதனால் பேசும் நாளையும் நேரத்தையும் நோட்டில் குறித்துவைக்கிறேன். அவர் அப்படி எழுதாமல் இருந்திருந்தாலும் பேச விட்டிருப்பேன். அவளுக்கு அவர் அப்பா. இன்று கூடுதலாகப் பத்து நிமிடம், பல் விழுந்த கதை. நான் அடுக்களையில் இருந்தேன்.

என் இடைக்கால ஜீவனாம்ச மனு டிசம்பர் 9-ஆம் தேதி விசாரணைக்கு வருகிறது. பஸ் டிக்கெட் எடுத்தாயிற்று, இரண்டு பேருக்கு.