ஓலை பிடித்த கூட்டம்

இயேசு எருசலேமுக்குள் வந்தபோது மக்கள் ஓலை பிடித்து வரவேற்றதை நினைவுகூரும் குருத்தோலைப் பவனியில் ஒரு பொடியன் ஓலையை வாள் மாதிரி சுழற்றிக்கொண்டே போனான். அம்மா அதட்டினார்.

அதட்டியிருக்க வேண்டாம். எருசலேமில் பேரீச்ச ஓலைக்கு அந்தப் போர் வாடைதான்.

கி.மு. 141இல் யூதக் கிளர்ச்சித் தலைவர் மக்கபேயர் சீமோன், கிரேக்க வழி அரசான செலூக்கியரின் படையை எருசலேம் கோட்டையிலிருந்து விரட்டிவிட்டு உள்ளே நுழைந்தபோதும் மக்கள் ஓலை பிடித்தார்கள்.

கடவுள் அனுப்பும் மீட்பரான மெசியாவைப் பற்றி யூதர் எல்லாருக்கும் ஒரே கனவு இல்லை. சாக்கடல் ஓரம் தனித்து வாழ்ந்த கும்ரான்காரர்கள் ஆசாரியர் ஒருவர், அரசர் ஒருவர் என்று இரண்டு பேரையே எதிர்பார்த்தார்கள். இயேசுவை வரவேற்கத் தெருவில் நின்ற கூட்டத்துக்கோ, தங்களை ஆண்ட ரோமரை விரட்ட தாவீது அரசரின் வழிவந்த ஒரு மகன் போதும்.

வந்த இயேசுவோ கழுதைக்குட்டியில் வந்தார். அரசர் அப்படி வருவார் என்கிறது பைபிளின் சகரியா 9:9. அடுத்த வசனத்தையும் படியுங்கள்: தேரும் போர்க்குதிரையும் வில்லும் ஒழியும் என்கிறது.

ரோமப் படை இருந்த அந்தோனியா கோட்டை கோயிலை ஒட்டியே இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. கோயிலில் காசு மாற்றுபவர்களின் மேசைகளைத்தான் கவிழ்த்தார்.